நாலு விநாடி வந்த கை

1

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சமையலறைக் கதவில் போன மாதம் ஒரு மஞ்சள் நோட்டீஸ் ஒட்டினார்கள். ‘எண்பதுகள் நாள்’ கொண்டாடப் போகிறோம், ஊழியர்கள் எல்லோரும் எண்பதுகளில் உடுத்தியதுபோல் உடுத்தி வாருங்கள், சின்ன வயதில் பார்த்த தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றையும் தேடிக் கொண்டுவாருங்கள், ஹாலில் போட்டுக் காட்டுவோம் என்று அதில் எழுதியிருந்தது.

எண்பதுகளில் நான் உடுத்தியது ஒரு பள்ளிச் சீருடை, தோட்டத்தை நடத்திய துரை வீட்டுப் பிள்ளை போட்டுக் கழித்த ஒரு கம்பளிச் சட்டை, இரண்டே இரண்டுதான். இலங்கை மலையகத்தில் எங்கள் வட்டவளைக் குளிருக்கே அது போதாது. டொரொண்டோப் பனியில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால், நேரே அந்த இல்லத்திலேயே எனக்கும் ஒரு கட்டில் போட வேண்டியதுதான்.

என்னோடு பாத்திரம் கழுவும் மார்லீன் ஜமெய்க்காக்காரி. நோட்டீஸைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்தோ ஒரு பற்பசைப் பாட்டு வந்துவிட்டது. தட்டுகளைத் தட்டித் தாளம் போட்டுப் பாடி முடித்துவிட்டு, “உங்கள் வீட்டில் என்ன டீவி, விஜி?” என்றாள்.

“வீட்டில் இல்லை. கோயிலில் இருந்தது.”

“கோயிலிலா?”

“ஆமாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம். முதலில் பூசாரி டீவிக்குச் சூடம் காட்டுவார். பிறகு போடுவார்கள்.”

மார்லீன் கையில் பிடித்திருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். “மின்சாரம் இல்லாததாலா நெருப்புக் காட்டினீர்கள்?” என்று கேட்டாள்.

“மின்சாரமும் இல்லை” என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

2

உங்களுக்காவது விளக்கமாகச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் குடியிருக்கிற அந்த வரிசை வீடுகளில், அப்போது கரண்ட் கிடையாது. மாரியம்மன் கோயில் கமிட்டி திருவிழாவில் மிஞ்சியதைப் போட்டு ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டீவிப் பெட்டி வாங்கியது. சாமி காசில் வாங்கியது சாமிக்குத்தான் சொந்தம் என்று பூசாரி ஒரே பிடியாய் நின்றார். அதனால் பெட்டி கோயில் மண்டபத்தில் குடியேறியது. லொறியின் பேட்டரி ஒன்றில் ஓடியது. பேட்டரி ஹட்டன் டவுனுக்குப் போய்ச் சார்ஜ் ஏறி வந்தால் ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் படம் தெரியும்.

சாமி வீட்டு டீவி என்பதால் கறி சாப்பிட்டவர்கள் உள்ளே வரக்கூடாது. தோட்டத்தில் கறி எடுப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். என்ன செய்வது? தோட்டம் முழுக்க மத்தியானக் கறிச் சோற்றை ராத்திரிக்குத் தள்ளிப் போட்டது. எங்கள் தலைமுறைக்கு இன்றைக்கும் டீவியைக் கண்டால் வயிறு பசிக்கும்.

நாடகமெல்லாம் சிங்களத்தில் ஓடும். எங்களுக்குப் பாதிதான் புரியும். எப்போதாவது ஒரு தமிழ்ப் படம் வரும். பாதியில் பேட்டரி படுத்துவிடும். முழுசாகப் பார்த்து முழுசாகப் புரிந்தது விளம்பரம் மட்டும்தான். பால்மா, சவர்க்காரம், பிஸ்கட்டு, எல்லாப் பாட்டும் மனப்பாடம். எங்கள் குளிருக்கு ரத்தம் குடிக்கிற நுளம்பு எட்டிக்கூடப் பார்க்காது, ஆனாலும் நுளம்புச் சுருள் பாட்டை நான் இன்றைக்கும் பிசகாமல் பாடுவேன். குளிர்சாதனப் பெட்டி விளம்பரம் வரும்போது மண்டபமே சிரிக்கும். முற்றத்தில் வைத்த தண்ணீரே பல்லைக் கூச வைக்கிற ஊர் அது. அதைப் பெட்டிக்குள் வைத்து இன்னும் குளிர வைக்கிறார்களாமே, இந்தக் கொழும்புக்காரர்களுக்கு என்ன கேடு என்று பெண்கள் கேட்பார்கள்.

இத்தனையும் பார்க்காத ஒரே ஆள் என் அப்பா. அவர் தேயிலை ஃபேக்டரியில், எங்கள் பேச்சில் சொன்னால் ஸ்டோரில், மெஷின் பக்கம் வேலை செய்தவர். ‘ஒயர் தெரிந்த ஆள்’ என்று ஆண்டெனாவை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். டீவி ஓடும் இரண்டு மணி நேரமும் மண்டபத்துத் தகரக் கூரை மேல் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் கையை எடுத்தால் படம் போய்விடும். மழையென்றால் தலையில் ஒரு உரச்சாக்கு. மேலிருந்து “தெரியுதா?” என்று கேட்பார். கீழேயிருந்து “தெரியுது!” என்போம். ஐந்தாறு வருஷம் ஊருக்கு டீவி காட்டிய மனிதர் ஒருநாள்கூட அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்ததில்லை. பேட்டரி தீர்ந்து இறங்கி வந்ததும் அம்மாவிடம் “என்னா காட்டுனாங்க?” என்று கேட்பார். அம்மா வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் நடித்துக் காட்டிக்கொண்டு வருவாள்.

3

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது தேயிலை விளம்பரம் ஒன்று பிடிக்க எங்கள் தோட்டத்துக்கு ஒரு வேன் வந்தது. கம்பெனிப் பெயர் வேண்டாம், அது இன்னும் இருக்கிறது. காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்த நேரத்தில், பெண்களை வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பார்களே, அதே மாதிரி வேனில் வந்த ஒருவர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். ஒருத்தி என் அம்மா காமாட்சி. இன்னொருத்தி பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த முத்தம்மா சித்தி. சொந்தச் சித்தி இல்லை, ஆனால் என்னை வளர்த்ததில் பாதி அவள்தான்.

இரண்டு பேரும் விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, கொழுந்துக் கறை போக எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தோல் உரியத் தேய்த்தார்கள். வளையலைக் கழற்றச் சொன்னார்கள். ஒரே மாதிரி இரண்டு சேலை கொடுத்தார்கள். அப்போதுதான் வேனிலிருந்து கொழும்பு நடிகை இறங்கினாள்.

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்ட வேண்டும். அப்படி மாட்டினால் கொண்டை கலைகிறதென்று அவள் தோளில் மாட்டிக்கொண்டாள், பள்ளிக்கூடப் பை மாதிரி. பிறகு நகத்தால் கிள்ளினாள், அதுவும் முத்தின இலையை. கிள்ளிய இலையைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. வேறு யாராவது அந்த இலையைக் கூடையில் போட்டிருந்தால் கங்காணி அவர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார். அன்றைக்குத் துரை பக்கத்தில் நின்றதால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். அவர் முகம் சிவந்ததை நான் மரத்தடியிலிருந்து பார்த்தேன்.

நடிகையின் கை கொழுந்து எடுக்க உதவாது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. அதனால் முகத்துக்கு அவள், கைக்கு இவர்கள். முதலில் முத்தம்மா சித்தியின் கையைப் படம் எடுத்தார்கள், பிறகு அம்மாவின் கையை. எது நன்றாக வருகிறதோ அதைப் போடுவோம் என்றார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் தேயிலைப் பாக்கெட்.

“நம்மகிட்டயே தேயிலையா!” என்று இரண்டு பேரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

4

விளம்பரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். டீவியில் தன்னையே பார்க்கப் போகிறவள் பழஞ்சேலையில் போகக்கூடாதாம். முத்தம்மா சித்தியும் அப்படித்தான். முன்வரிசையில் இரண்டு பேருக்கும் இடம் போட்டு வைத்திருப்பார்கள். ஐந்தாறு ஞாயிறு சும்மாவே போனது.

அது வந்த அன்றைக்கு நல்ல மழை. திரை முழுக்கப் புள்ளி. அப்பா கூரையில் சாக்கோடு நிற்கிறார். நடிகையின் சிரிப்பு வந்ததும் மண்டபமே “வந்திருச்சு! வந்திருச்சு!” என்று கத்தியது. அடுத்து இரண்டு கை வந்தது. நாலு விநாடி. புள்ளிக்குள் கறுப்பாக என்னமோ ஓடியது, அவ்வளவுதான். யார் கை என்று மாரியம்மனுக்கே தெரிந்திருக்காது. பிறகு ஒரு தேநீர்க் கோப்பை, முடிந்தது.

கூரை மேலிருந்து அப்பா, “ஏ காமாச்சி! தெரியுதா? யாரு கை?” என்று கத்தினார்.

அம்மா எழுந்து நின்று முகட்டைப் பார்த்துச் சொன்னாள்: “தெரியுதுங்க! என் கைதாங்க!”

தகரத்தில் தடதடவென்று சத்தம். அப்பா மேலே குதித்திருக்கிறார். குழாய் ஆடி, படம் முழுசாகப் போய், ஊரே அவரைத் திட்டியது. அவர் கவலைப்படவில்லை.

மண்டபத்தை விட்டு இறங்கும்போது முத்தம்மா சித்தி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, “அக்கா, அது என் கைதானே?” என்று கேட்டாள். அம்மா திரும்பிப் பார்க்காமல், “இல்ல, என் கைதான்” என்றாள்.

மறுநாள் அப்பா ஸ்டோர் முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த நாள் டவுனில். அந்த வாரத்துக்குள் வட்டவளையில் தேயிலை குடிக்கிற எல்லோருக்கும் அது காமாட்சி கை. அம்மாவும் முத்தம்மா சித்தியும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள்.

5

பேச்சை நிறுத்தினார்கள் என்று சொல்வது சுலபம். லயத்தில் இரண்டு காம்பராவுக்கு நடுவே ஒரு சுவர்தான். அதுவும் கூரையைத் தொடாது. அங்கே வெங்காயம் வதக்கினால் இங்கே கண் எரியும். அப்படி இருக்கிற இடத்தில் இரண்டு பெண்கள் பேசாமல் எப்படி இருப்பது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சுவரிடம் பேசினார்கள்.

அம்மா அடுப்படியில் நின்று, “உப்பு இல்லையே, என்னா செய்றது” என்று சுவருக்குச் சொல்வாள். கொஞ்ச நேரத்தில் சித்தி வீட்டிலிருந்து சிரட்டையில் உப்பு வரும். சித்திக்குக் காய்ச்சல் என்றால் அம்மா ரசம் வைத்து அவள் வாசலில் வைத்துவிட்டு வந்து, “ஆறிப் போகுது, ஆறிப் போகுது” என்று சுவரைப் பார்த்துக் கத்துவாள். என் கல்யாணத்துக்கு முறுக்குச் சுட்டது முழுக்க முத்தம்மா சித்திதான். முறுக்கு முறுக்காக எண்ணி அடுக்கினாளே தவிர, பக்கத்தில் நின்ற அம்மாவிடம் ஒரு வார்த்தை இல்லை. ஏறக்குறைய நாற்பது வருஷம்.

அப்பா இறந்து பதினொரு வருஷமாகிறது. நோட்டீஸ் ஒட்டிய அதே வாரம் அம்மாவோடு போனில் பேசும்போது இந்த எண்பதுகள் கூத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், “அப்பன்னா அந்தத் தேயில வெளம்பரத்தத் தேடிக் குடு புள்ள” என்றாள்.

“இப்ப எதுக்கும்மா அது?”

“முத்தம்மா போறாளாம். மகன் கொழும்புப் பக்கம் வத்தளைக்குக் கூட்டிக்கிட்டுப் போறானாம். அடுத்த மாசம் திருவிழா முடிஞ்சதும் பொறப்படுறா.”

“ஒங்ககிட்ட சொன்னாங்களா?”

“செவுத்துக்குச் சொன்னா. எனக்குக் கேட்டுச்சு.” சுவர்ப் பக்கம் கேட்காமல் குரலைத் தாழ்த்தினாள். பிறகு, “அவ போறதுக்குள்ள அவகிட்ட அதக் காட்டணும். எப்படியாவது எடுத்துக் குடு” என்றாள்.

எழுபத்திரண்டு வயதில் இவ்வளவு வீம்பா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரை விட்டே போகிறவளைத் தோற்கடித்து அனுப்ப வேண்டுமா? ஆனாலும் பெற்றவள் கேட்டுவிட்டாள். தேடத் தொடங்கினேன்.

தேயிலைக் கம்பெனிக்கு எழுதினேன். “உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், பாக்கெட்டின் அடியிலுள்ள இலக்கத்தை அனுப்பவும்” என்று பதில் வந்தது. பழைய ஒளிநாடாக்கள் வைத்திருக்கும் ஒரு காரியாலயத்துக்கு எழுதினேன். அவர்கள் மூன்று மொழியில் ஒரு படிவம் அனுப்பினார்கள். ‘விண்ணப்பதாரிக்கும் விளம்பரத்துக்கும் உள்ள தொடர்பு’ என்று ஒரு கட்டம். யோசித்து யோசித்து, ‘கையின் மகள்’ என்று எழுதினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: குறித்த கை குறித்த நபருடையதுதான் என்று கிராம சேவகர் உறுதிப்படுத்திய கடிதம் தேவை.

என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “விஜி, கைக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கேக்கேல்லையோ?” என்றார். அவர்கள் பக்கத்தில் உயரக் கம்பம் நட்டு இந்திய டீவியையே பிடித்துப் பார்த்தவர்கள். கோயில் டீவி அவருக்கு எப்போதும் இளக்காரம்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டு, கிராம சேவகரிடம் போய் ஒரு கடிதம் வாங்கச் சொன்னேன். பதறிவிட்டாள்.

“அரசாங்கக் காயிதத்துல எல்லாம் அதப் போடாத புள்ள! அதெல்லாம் வேணாம். அந்தக் கிராம சேவகர் மாத்தயா என்னயப் பாத்துக் கேட்டா நான் என்னா சொல்றது?”

கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு எப்போதுமே புத்தி கொஞ்சம் லேட்டு.

6

மூன்று வாரம் நான் படிவத்தோடு மல்லுக்கட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் ஆரணி, பதினேழு வயது, கடைசியில் பொறுக்க முடியாமல் டேப்லெட்டை எடுத்தாள். அவள் சனிக்கிழமைப் பள்ளியில் படித்தது தன் அப்பா ஊர்த் தமிழ். என் அம்மாவோடு போனில் பேசினால், “என்னா புள்ள, யாழ்ப்பாணத்துக் கடக்காரர் மாதிரியே பேசுது” என்று அம்மா சிரிப்பாள். நான் இங்கே தமிழ்க் கடைக்குப் போனால் என் பேச்சைக் கேட்டுவிட்டு “நீங்கள் இந்தியாவோ?” என்கிறார்கள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு ஊர்.

ஆரணிக்குப் பத்து நிமிஷம்தான் பிடித்தது. யாரோ ஒரு புண்ணியவான் தன் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த பழைய விளம்பரங்களையெல்லாம் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார். “அம்மா, இதுவோ பாருங்கோ” என்று நீட்டினாள்.

கலரில் இருந்தது! முதலில் அதுதான் என்னை உலுக்கியது. நடிகையின் சேலை சிவப்பு. எங்களுக்கு அது இத்தனை வருஷமும் சாம்பல் நிறம். மலை பச்சையாக இருந்தது. என் ஊர்தான், பின்னால் தெரிவது எங்கள் ஸ்டோர்தான். நடிகை பள்ளிக்கூடப் பை மாதிரிக் கூடையை மாட்டிக்கொண்டு முத்தின இலையைக் கிள்ளிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்து, அந்தக் கை.

சிரிப்பு நின்றுவிட்டது. வலது கையின் சுண்டு விரல் ஒதுங்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் கல்படியில் விழுந்து முறிந்து, கோணலாகவே சேர்ந்துவிட்ட விரல். தோட்டம் முழுக்கத் தெரிந்த விரல். எனக்குத் தலை பின்னி, பேன் பார்த்து, கன்னத்தில் இரண்டு வைக்கவும் செய்த விரல் எனக்குத் தெரியாதா? அது முத்தம்மா சித்தியின் கை.

“இதிலே அம்மாயி எங்கே?” என்று என் அம்மாவைத் தேடினாள் ஆரணி.

நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எத்தனை தரம் பார்த்தாலும் விரல் நேராகவில்லை. பாவம் அம்மா, நாற்பது வருஷமாகத் தன் கை என்றே நம்பிக்கொண்டிருக்கிறாளே, இதை எப்படி அவளிடம் காட்டுவது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்தேன்.

வெள்ளிக்கிழமை எண்பதுகள் நாள் வந்தது. நான் பச்சைச் சேலை கட்டிப் போனேன், எண்பதுகள் என்று சொல்லிக்கொண்டேன், யாரும் மறுக்கவில்லை. மார்லீனின் பற்பசைக்கும் இன்னொருத்தியின் காலைக் கஞ்சிக்கும் பிறகு என் தேயிலை ஓடியது. சக்கர நாற்காலிகளில் இருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

“இதில் உன் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா?” என்று மார்லீன் கேட்டாள்.

“அந்தக் கை” என்றேன். “என் அம்மாவின் கை.”

வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. நாற்பது பேர் முன்னால், கோணல் விரல் பெரிய திரையில் தெரியத் தெரியச் சொல்லியிருக்கிறேன். “எவ்வளவு அழகான கை!” என்றாள் மார்லீன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

7

மறுநாள் சனிக்கிழமை. எங்களுக்குக் காலை, அம்மாவுக்கு மாலை விளக்கு வைக்கிற நேரம். வீடியோவில் வந்தாள். எப்போதும் போல் நெற்றியும் முகட்டுத் தகரமும்தான் தெரிந்தன.

“கெடச்சுச்சா?”

“இல்லம்மா. தேடிப் பாத்துட்டேன், எங்கயும் இல்ல.”

“பொய் சொல்லாத. ஒனக்குப் பொய் சொன்னா கொரலு கீழ எறங்கிரும், ஒங்கப்பன் மாதிரி. கெடச்சிருச்சு. காட்டு.”

மறுக்க முடியவில்லை. ஆரணியைக் கூப்பிட்டேன். அவள் டேப்லெட்டை என் போன் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண்ணாடி பளபளத்தது. கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு, கொஞ்சம் சாய்த்துப் பிடி, ஆடாதே என்று அவளை விரட்டிவிட்டு, “தெரியுதாம்மா?” என்று கேட்டேன்.

அம்மாவின் நெற்றி போனுக்கு நெருங்கி வந்தது. நான் கேட்டது யார் கேள்வி என்பது அப்புறம்தான் எனக்கே உறைத்தது.

“தெரியுது” என்றாள். “இன்னொரு வாட்டி போடு.”

மூன்று தரம் போட்டோம். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: “முத்தம்மா கை.”

“அம்மா, அது வந்து, அந்த விரல பாத்துட்டு…”

“வெரல் என்னாத்துக்கு? கை ஓட்டத்தப் பாத்தா தெரியாதா? நான் ரெண்டு கையும் சேத்துப் போட்டு எடுப்பேன். அவ ஒரு கை மாத்தி ஒரு கை எடுப்பா. அன்னைக்கே தெரிஞ்சுச்சு எனக்கு. புள்ளி புள்ளியா இருந்தா என்னா, என் கை எனக்குத் தெரியாதா?”

“அன்னைக்கேவா? அப்பறம் ஏம்மா என் கைன்னு சொன்னீங்க?”

“அந்த மனுசன் மழையில நின்னுக்கிட்டு மேலருந்து கேட்டாரு புள்ள. எத்தன வருசம் அதப் புடிச்சுக்கிட்டே நின்னாரு, ஒரு நாளு ஒண்ணுமே பாக்கல. அன்னைக்கு அவரு அப்படி ஆசயாக் கேக்கயில, இல்லங்க, முத்தம்மா கைன்னு எப்படிச் சொல்றது? என் கைன்னுட்டேன். அவரு குதிச்ச குதியக் கேட்ட பொறகு அத மாத்துறது எப்படி?”

“அப்பா போன பொறகாவது சித்திகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது? பேசுறதே இல்லயே” என்றாள் அம்மா, என்னை ஒரு முட்டாளைப் போல் நினைத்து. பிறகு அவள் குரல் போனிலிருந்து விலகிப் பெரிதாக எழுந்தது. “ஏய் முத்தம்மா! இங்க வா!”

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு கதவு கிறீச்சிட்டது. “என்னாக்கா?” என்று ஒரு குரல், பயந்த மாதிரி. போனில் இப்போது இரண்டு நெற்றி தெரிந்தது.

“மறுபடி போடு புள்ள” என்றாள் அம்மா. ஆரணி கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு போட்டாள். “தெரியுதா?”

“தெரியுதுக்கா.” சித்தி இன்னும் கிட்ட வந்தாள். “எம்புட்டு வேகமா ஓடுது பாருக்கா.”

“ஒன் கைதான்டி. அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

“ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்.”

“பின்ன ஏன்டி நீ யார்கிட்டயும் சொல்லல?”

“அண்ணன் ஸ்டோரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே. அவரு மொகத்தப் பாத்துக்கிட்டு நான் போயி இல்லன்னு சொல்லவா?”

போன் கட்டிலில் சாய்ந்துவிட்டது, எனக்குத் தகரம் மட்டும்தான் தெரிந்தது. மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. யார் மூக்கென்று தெரியவில்லை. இங்கே ஆரணி என்னைப் பார்த்துக்கொண்டு டேப்லெட்டை இறக்காமலே நின்றாள். பிறகு சித்தி, வத்தளை வீட்டில் மாடி இருக்கிறதாம், முட்டி வலிக்கு எப்படி ஏறுவது என்று ஏதோ சொன்னாள். அம்மா, அங்கே எதுக்குடி போற என்று திட்டத் தொடங்கினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நானும் நடுவில் “சித்தி, நான் விஜி பேசுறேன்” என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

கடைசியில் அம்மாவின் நெற்றி திரும்ப வந்தது.

“புள்ள, இன்னும் இருக்கியா?”

“இருக்கேம்மா.”

“சரி, போன வையி. நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல.”